என்ன வேண்டும் என்று கேட்டார்கள்

முதலில் விழுந்தது செருப்புதான். காப்பார் என்ற சிற்றூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கேட் வரைக்கும் நடந்துபோன என் மகள் தர்ஷினி, இடது செருப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தாள். அது கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை. நான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு இரண்டடி வைத்தாள், மறுபடியும் கழன்றது. அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இதை எழுதச் சொன்னவர் பிசியோ கூடத்தில் பழக்கமான ஒருவர். அவர் மகனுக்கும் இதே நோய். "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா இவ்ளோ பயந்திருக்க மாட்டோம்ணே. நீங்களாவது எழுதி வைங்க" என்றார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம், எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நோய்களின் பெயர்களை மட்டும் தர்ஷினி பார்த்துத் திருத்திக் கொடுத்தாள்.

அப்போது அவள் கோலாலம்பூரில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வருவதற்கு முன்பு எங்கோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்து சரியாகிவிட்டது. அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. செருப்பு கழன்ற மறுநாள் காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, உள்ளங்கை ஓரத்தால் முட்டிக்குக் கீழே தட்டினாள். அடுத்த காலையும் தட்டினாள். அந்த இடத்தில் தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். இரண்டு காலும் துள்ளவில்லை.

"அப்பா, வேன எடுங்க. ஹாஸ்பிட்டல் போகணும்."

"கிளினிக் தொறக்கட்டும்மா. மொதல்ல அங்க காட்டுவோம்."

"கிளினிக் வேலைக்கு ஆகாதுப்பா. நான் படிக்கிற ஹாஸ்பிட்டலுக்கே போங்க. இப்பவே."

வேன் படி உயரம். அவளால் ஏற முடியவில்லை. நான் தூக்கி உட்கார வைத்தேன். என் மனைவி சரோஜா பின் இருக்கையில் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். இந்த நோயின் அடையாளங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

அவசரப் பிரிவில் மஞ்சள் பகுதியில் உட்கார வைத்தார்கள். சிவப்புப் பகுதிதான் உயிருக்கு ஆபத்தானவர்களுக்கு. மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். அந்த நிறத்தைப் பார்த்து மனம் கொஞ்சம் ஆறியது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஒரு டாக்டர் வந்து அவள் காலைத் தட்டிப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். டாக்டர்கள் கூடக்கூட எங்கள் பேச்சு குறைந்துகொண்டே போனது.

நோயின் பெயர் கியான் பாரே. நரம்பு நிபுணரான ஒரு சீன அம்மா எங்களுக்காக மலாயில் மெதுவாக விளக்கினார். கிருமி வந்தால் எதிர்த்துப் போராட உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமியை விரட்டிய அந்தப் படை, ஆள் தெரியாமல், சொந்த நரம்பின் மேல் உறையையே கடிக்க ஆரம்பித்துவிட்டது. வேன் ஓட்டுகிறவனுக்கு இது உடனே புரிந்தது. வயர் மேலிருக்கும் பிளாஸ்டிக் உரிந்துபோனால் விளக்கு எரியாது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும் என்றார். எது வரைக்கும் ஏறும் என்று சரோஜா கேட்டாள். டாக்டர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

முதுகெலும்புக்கு இடையில் ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். அந்த நீரில் புரதம் கூடியிருந்தால் இந்த நோய்தான் என்பது உறுதியாகும். கை கால்களில் சின்னச் சின்ன மின்சாரம் வைத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். பிறகு மருந்து. பலர் தானம் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதாம். சில நாட்கள் தொடர்ந்து, சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். தனியாரில் இதற்கு எவ்வளவு செலவாகும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அரசாங்க இடமாக இருந்ததால் தப்பித்தோம்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நோயும் ஏறியது. கை விரல்கள் போயின. கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. தாதி அடிக்கடி வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். மூச்சுத் தசை எப்படி இருக்கிறது என்று அதில் தெரியும். காலையில் இருபதைத் தாண்டிய பிள்ளை சாயங்காலம் பன்னிரண்டில் நின்றுபோனாள். அவள் எண்ணும்போது திரைக்கு வெளியே நின்று நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். என் மூச்சு முடிவதற்குள் அவள் குரல் நின்றுவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தொண்டையில் குழாய் வைக்கத் தயாராக எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். அது தேவைப்படவில்லை. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். அந்த நாட்களில் நான் என்ன செய்தேன், எங்கே படுத்தேன் என்பது சரியாக நினைவில்லை. ஆயிஷா மட்டும் நினைவில் இருக்கிறாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தர்ஷினியோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த பிள்ளை, ஒரே வகுப்பு. தினமும் பாலும் ரொட்டியும் வாங்கி வந்து, "சாப்பிடுங்க பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை சொல்லி என் கையில் திணித்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

நோய் நின்றது. நின்ற இடத்திலிருந்து இறங்கத்தான் மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். சாதாரண வார்டுக்கு வந்தோம். காப்பாரிலிருந்து யார் போன் செய்தாலும் சரோஜா, "கேஸ்ட்ரிக்லா, வயித்துல கொஞ்சம் சீரியஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ்ட்ரிக்குக்கு இத்தனை வாரமா என்று அவள் அக்கா கேட்டதற்கு, "பெரிய ஹாஸ்பிட்டல்னா அப்படித்தான், எல்லாத்தையும் செக் பண்ணுவாங்க" என்றாள்.

ஒரு நாள் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வார்டுக்குள் வந்தார்கள். தர்ஷினியின் வகுப்பு. முன்னால் வந்த ஆசிரியர் அவளிடம், "உனக்குச் சம்மதமென்றால் மட்டும்" என்றார். அவள் தலையாட்டினாள். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை, திரைக்குப் பின்னால் போய்விட்டேன். என் மகள் அவர்களுக்குப் பாடமாகப் படுத்திருந்தாள்.

ஒரு பையன் கணுக்காலைத் தட்டினான்.

"டேய் விக்கி, இப்படி இறுக்கிப் பிடிச்சா யாருக்குமே துள்ளாது. லூசா பிடி" என்றாள் தர்ஷினி.

"பேஷண்ட் ரொம்ப வாய் பேசுறாங்க சார்" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். திரைக்குப் பின்னால் நானும்.

பிறகு யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில் எதையோ கேட்டாள். சிரிப்பு நின்றது. ஆசிரியர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். என்ன கேட்டாள் என்று மகளிடம் கேட்டேன்.

"இந்த மாதிரி வந்தவங்க டாக்டர் வேலை பார்க்க முடியுமான்னு கேட்டாப்பா."

அன்றிலிருந்து உயிரைப் பற்றிய பயம் போய், இந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிழைத்துவிட்டாள். ஆனால் அவள் டாக்டர் ஆவாளா?

நடக்கக் கற்றுக்கொண்டாள். பாதம் தொங்கிப்போகாமல் இருக்க இரண்டு காலிலும் பிளாஸ்டிக் தாங்கி, கையில் ஒரு கோல். விரல்களில் பிடிமானம் பாதிதான் வந்தது. மத்தியானத்துக்கு மேல் உடம்பு துணி மாதிரித் துவண்டுவிடும். இந்தச் சோர்வு வெளியே தெரியாது, ஆனால் இதுதான் நீண்ட நாள் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

படிப்புக்குத் திரும்புவதற்கு முன் கல்லூரியில் எங்களைக் கூப்பிட்டார்கள். துணைத் தலைவரான பேராசிரியர் இருந்தார். உடல் குறையுள்ள மாணவர்களுக்கு உதவும் பிரிவிலிருந்து புவான் ஹஸ்னா என்ற அம்மா வந்திருந்தார். குளிரூட்டிய அறை. எங்களுக்குத் தேநீர் கூட வைத்திருந்தார்கள். பேராசிரியர் நல்லவிதமாகவே கேட்டார். "தர்ஷினி படிப்பைத் தொடர என்ன வேண்டும்? எங்களால் என்ன செய்ய முடியும்?"

அவள் வாய் திறப்பதற்குள் சரோஜா, "ஒண்ணும் வேணாம் டாக்டர். இப்ப ஓகே. சேத்துக்கிட்டா போதும்" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிவிட்டாள். பேராசிரியர் மகளைப் பார்த்தார். அவளும், "ஐ எம் ஃபைன், ப்ரொஃப்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்பதுபோல் ஆட்டினேன்.

நம் வீடுகளில் இது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிடுறீங்களா என்று கேட்டால் முதல் சொல் வேண்டாம்தான். பசி வயிற்றைக் கிள்ளினாலும் அதுதான் முறை. இரண்டாம் தரம் கேட்டால் "எதுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால் உட்காருவோம். கேட்கிறவருக்கும் அது தெரியும். பேராசிரியருக்கு அது தெரியாது. அவர் ஒரு தரம் கேட்டார், பதில் கிடைத்தது, எழுதிக்கொண்டார். புவான் ஹஸ்னா மட்டும், "உறுதிதானே?" என்றார். "உறுதி" என்றோம். காரிடாரில் சரோஜா என் கையைக் கிள்ளி, "பாத்தீங்களா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசல" என்று சந்தோஷப்பட்டாள். சலுகை கேட்டிருந்தால் அதையே காரணம் காட்டி வெளியே அனுப்பியிருப்பார்கள் என்பது அவள் எண்ணம். சொல்லப்போனால் எங்கள் மூவரின் எண்ணமும் அதுதான்.

வேண்டாம் என்றதால் எதுவும் வரவில்லை. அறுவைச் சிகிச்சை வார்டில் காலைச் சுற்று தொடங்கினால் கட்டில் கட்டிலாக நின்றபடியே போக வேண்டும். தர்ஷினி கட்டில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாடகை அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆயிஷா பின்னால் இருந்து தாங்கிக்கொண்டு ஏற்றுவாளாம். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. போனில் எப்போதும் "ஓகேப்பா"தான்.

நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கும் தேர்வு வந்தது. தரையில் பொம்மையைக் கிடத்தி, பக்கத்தில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். தாங்கி மாட்டிய காலோடு முட்டி போட முடியாமல் சரிந்து உட்கார்ந்தாள். அழுத்தத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு மடங்கி, பொம்மையின் மேலேயே விழுந்துவிட்டாள். அந்த வாரமே வார்டுச் சுற்றிலும் மயங்கி விழுந்தாள்.

ஆயிஷாதான் எனக்குப் போன் செய்தாள். மருத்துவம் படிக்கத் தகுதியான உடம்பா என்று பார்க்க ஒரு குழு கூடப்போகிறது என்றாள். வேறு படிப்புக்கு மாறலாமே என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாராம்.

பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். மகள் படி இறங்கி வந்தாள். முகம் சின்னதாகிவிட்டிருந்தது. மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து தோசை சொன்னோம், யாரும் தின்னவில்லை.

"வீட்டுக்கு வந்துரு பாப்பா. போதும் இந்தப் படிப்பு" என்றாள் சரோஜா.

அவள் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து சாலை ஓரத்தில் நின்றோம். அந்தப் பக்கத்தில் பார்வையற்றவர்கள் நிறைய நடமாடுவார்கள், அவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் பட்டை பதித்திருக்கும். வெள்ளைக் கோலோடு, அலுவலகச் சட்டையில் ஓர் இளைஞர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு பக்கத்துல? ரோட்டுக்கு அந்தாண்ட போகணும்."

நான் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, என்னைப் பிடிக்காதீங்க. உங்க முழங்கைய நான் பிடிச்சிக்கிறேன். நீங்க அரை அடி முன்னாடி போங்க. திட்டு வந்தா சொல்லுங்க. இழுக்காதீங்க, நான் என்ன ட்ராலியா?"

அவர் சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் சேர்ந்ததும், "தேங்ஸ் பாஸ், நல்லா வந்தீங்க" என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தர்ஷினி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னு மட்டும் சொல்லலப்பா அவரு. எப்படி வேணும்னும் சொல்றாரு" என்றாள்.

மறுநாள் அவளாகவே புவான் ஹஸ்னாவைப் போய்ப் பார்த்தாள். "முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று அவர் கேட்டாராம். சொன்னால் படிப்பிலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்று பயந்தோம் என்றாளாம். "நீ விழுந்ததால்தான் இப்போது எடுக்கப் பார்க்கிறார்கள்" என்றாராம் அவர். இருவரும் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை எந்த இடத்தில் உடம்பு தடுக்கிறது, அங்கே என்ன இருந்தால் சரியாகும் என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள்.

குழு கூடுவதற்கு முன் அவள் வீட்டுக்கு வந்து ஒத்திகை பார்த்தாள். நான் பேராசிரியர். எனக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தர்ஷினி, உனக்கு என்ன வேண்டும்?" என்றேன்.

அடுப்படியிலிருந்து சரோஜா, "ஒண்ணும்..." என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தோம்.

கூட ஒருவர் வரலாம் என்றிருந்தார்கள். "நீங்க வாங்கப்பா. நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்க, அதான் சேஃப்" என்றாள்.

நீள மேசை. எதிரில் ஐந்தாறு பேர். என் உள்ளங்கை வேர்த்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். பேராசிரியர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை குரலில் பழைய இளக்கம் இல்லை.

அவள் சொன்னாள். வார்டுச் சுற்றில் மடக்கு நாற்காலி. மத்தியானம் படுக்க ஓர் இடம், கொஞ்ச நேரம். எழுத்துத் தேர்வில் கைக்காகக் கூடுதல் நேரம். தரைத்தளத்தில் விடுதி அறை. நெஞ்சை அழுத்தும் தேர்வைத் தரையில் வைக்காமல் கட்டில் உயரத்தில் வைக்க வேண்டும். அப்போதும் கை தளர்ந்தால் வேறொருவர் அழுத்த, தான் பக்கத்தில் நின்று நடத்துவதையும் தேர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும், அதிகமாகக் கேட்கிறாளோ என்று எதிரில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன்.

மேசையின் ஓரத்திலிருந்த ஒரு டாக்டர் முன்னால் சாய்ந்தார். அவர் கேட்டதை மகள் பிறகு எனக்குச் சொன்னாள். "நாளைக்கு நீ டாக்டர். உன் கண் முன்னால் ஒரு நோயாளியின் இதயம் நின்றுபோகிறது. உன் கை தளர்ந்துவிட்டது. என்ன செய்வாய்?"

அவள் குரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

"முதலில் உதவிக்குக் கூப்பிடுவேன், டாக்டர். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்."

அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். போகலாம் என்றார்கள்.

பதில் வரும்வரை இருந்த நாட்களை மருத்துவமனை நாட்களோடுதான் சேர்க்க வேண்டும். வேன் ஓட்டும்போது போன் அடித்தால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் முடியாது. கடைசியில் சரோஜாவின் போனில்தான் செய்தி வந்தது. தொடரலாம். ஒரு வருடம் பின்னுக்குப் போய் அந்தப் பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டும். கேட்டவற்றில் பெரும்பாலானவை உண்டு. நெஞ்சை அழுத்தும் தேர்வைக் கட்டில் உயரத்தில் வைப்பார்கள், ஆனால் அவள் கையாலேயே அழுத்தித் தேற வேண்டும். வேறொருவர் அழுத்துவதை ஏற்க முடியாது. அந்தத் தேர்வு இன்னும் வரவில்லை. அவள் தினமும் தலையணையை அழுத்திப் பழகுகிறாள். வீட்டுக்கு வரும் நாட்களில் அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும்போதெல்லாம் என் மனம் படபடக்கத்தான் செய்கிறது.

உடல் குறையுள்ளவர்களுக்கான அட்டையும் வாங்கினாள். கல்யாணப் பேச்சு வந்தால் என்ன செய்வது என்று சரோஜா கொஞ்சம் அழுதாள். பிறகு அவளே அக்காவுக்குப் போன் போட்டு, "கேஸ்ட்ரிக் இல்லக்கா" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள்.

வகுப்பு தொடங்கிய காலையில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடம் காலியாக இருந்தது. வேனில் அதற்கான ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. ஆனாலும் எனக்கு அங்கே நுழையக் கை வரவில்லை. தாண்டிப் போய் மேட்டுப் பக்கம் நிறுத்தலாமா என்று பார்த்தேன்.

"அப்பா" என்றாள் தர்ஷினி.

திரும்பி வந்து அங்கேயே நிறுத்தினேன். எதிர்பார்த்தபடி காவலாளி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். நேபாளக்காரர், மலாய் பேசினார். "பாஸ், இங்க ஸ்கூல் வேன் விடக்கூடாது. இது ஊனமுற்றவங்க இடம்."

நான் கண்ணாடியை இறக்கினேன். "என் மகளுக்கு வேணும்" என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உள்ளே குனிந்து, மடக்கு நாற்காலியைப் பிடித்தபடி வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"சரி பாஸ். எவ்வளவு நேரத்துக்கு வேணும்?"

"இவ படிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றேன்.